தேதி சொல்லத் தயக்கம் ஏன்?

தேர்வு எந்த நாளில் நடக்கும் என்பதை மாதக்கணக்கில் முன்கூட்டியே நாள்காட்டி போட்டு வெளியிடுகிறது யுபிஎஸ்சி என்று நாம் அழைக்கும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம். அறிவிக்கை நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், தேர்வு நாள் என மூன்றும் அதில் இருக்கும். கடைசி நாளில் சில நிமிடம் பிந்தினாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது. பிளஸ் டூ மாணவனுக்கு இவ்வளவு கறாராகக் கெடு வைக்கும் ஆணையம், தனக்கென்று மட்டும் ஒரு கெடுவும் வைத்துக்கொள்வதில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான இறுதித் தகுதிப் பட்டியல் எந்த நாளில் வரும்? பதில் இல்லை. சேர்க்கைக் கடிதம் யாருக்கு, எப்போது வரும்? அதற்கும் பதில் இல்லை.

முப்படைகளுக்கும் அதிகாரிகளை உருவாக்கித் தரும், புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமிக்கு இந்த நாடு தரும் மதிப்பு சாதாரணமானதல்ல. 1949 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து அது நாட்டின் பெருமைகளில் ஒன்று. அந்த வாசலுக்குள் நுழைய ஆசைப்படும் 17 வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் மதில்மேல் பூனையாக உட்கார வைப்பது அந்தப் பெருமைக்கு இழுக்கு. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பிள்ளைகள் படும் மன உளைச்சலுக்கு அவர்களுடைய மனப்பக்குவமின்மை காரணமல்ல. யுபிஎஸ்சியும் பாதுகாப்பு அமைச்சகமும் வாய் திறக்காததே காரணம்.

2024-ஆம் ஆண்டின் முதல் தேர்வையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21 அன்று எழுத்துத் தேர்வு நடந்தது. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண். லட்சக்கணக்கானோர் எழுதும் இந்தத் தேர்வின் முடிவு மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டது. இதற்காக ஆணையத்தைப் பாராட்டலாம். அதன்பின் தேறியவர்களுக்கு எஸ்எஸ்பி எனப்படும் தேர்வு வாரிய நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. இறுதிப் பட்டியல் வெளியானது அக்டோபர் 24 அன்று. பயிற்சி தொடங்கும் நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது 2025 ஜனவரி 2. லட்சம் விடைத்தாளைத் திருத்த மூன்று வாரம் போதும் என்றால், சில நூறு பேரின் மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்தும் நாளை முன்கூட்டிக் குறிக்க முடியாதா? ஜூலையில் தேர்வானவனும் செப்டம்பரில் தேர்வானவனும் ஒரே இருட்டில் நின்றதுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும், முடிவை முகத்துக்கு நேரே சொல்லும் நல்ல வழக்கம் படைகளிடமே இருக்கிறது. எஸ்எஸ்பி வாரியங்களில் ஐந்து நாள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முதல் நாளே படத்தைப் பார்த்துக் கதை எழுதும் சோதனையில் பாதிக்கு மேற்பட்டோர் ‘ஸ்க்ரீன்ட் அவுட்’ ஆகிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது சகஜம். மிஞ்சியவர்களுக்கு உளவியல் சோதனை, மைதானத்தில் குழுப் பணிகள், தனி நேர்காணல். ஐந்தாம் நாள் ‘கான்ஃபரன்ஸ்’. மார்பில் எண் பொறித்த துணியைக் கட்டியிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முழு வாரியத்தின் முன் போய் உட்கார்ந்து வருகிறார்கள். பிறகு எல்லோரும் ஓர் அறையில் கூடுகிறார்கள். அதிகாரி ஒருவர் வந்து தேர்வானவர்களின் எண்களை வாசிக்கிறார். எண் கூப்பிடப்பட்டவன் எழுந்து நின்று பெயர் சொல்கிறான். கூப்பிடப்படாதவர்களை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போக வண்டி தயாராக நிற்கிறது. வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த வலியில் நேர்மை இருக்கிறது. இல்லை என்றால் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. ஊருக்குப் போய் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஐந்தே நாளில் ஒருவனை எடைபோட்டு, அன்றைக்கே முடிவு சொல்லத் தெரிந்த அமைப்பு, அதற்கடுத்த மாதங்களில் ஊமையாகிவிடுவதை எப்படி ஏற்பது?

இந்த ஊமைத்தனம் முதலில் குத்துவது ‘ரெக்கமண்டட்’ ஆனவர்களைத்தான். வாரியம் பரிந்துரைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி ஆறுவதற்குள் ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே காதுக்குறும்பியிலிருந்து மூக்குத் தண்டின் வளைவு வரை, எடையிலிருந்து முழங்கால் வரை சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். அது அவர்கள் கடமை. அதில் நமக்குக் குறை இல்லை. தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதப்பட்டவன் குறையைச் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் நிற்கலாம். பல வீடுகளில் இதற்காக அவசர அவசரமாக மூக்கு அறுவைச் சிகிச்சையே நடக்கிறது. இத்தனையும் முடித்து ‘ஃபிட்’ என்ற சொல்லை வாங்கிய பிறகும் அவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. எழுத்துத் தேர்வில் தான் எவ்வளவு எடுத்தோம் என்பதும் தெரியாது, எஸ்எஸ்பியின் 900-இல் எவ்வளவு கிடைத்தது என்பதும் தெரியாது. மதிப்பெண்கள் இறுதி முடிவுக்குப் பிறகு 15 நாளில்தான் வெளியாகும் என்பது ஆணையத்தின் விதி.

சரி, பட்டியல் வந்துவிட்டால் தெளிவு பிறக்குமா என்றால், அதுவும் இல்லை. 2024 முதல் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 400. அகாடமியில் தரைப்படைக்கு 208, கடற்படைக்கு 42, விமானப்படைக்கு 120. மீதி 30 கேரளத்து எழிமலையில் உள்ள கடற்படை அகாடமிக்கு. அக்டோபர் 24 அன்று வெளியான பட்டியலில் இருந்த பெயர்களோ 641. இருக்கும் இடங்களைவிட 241 பேர் கூடுதல். மருத்துவப் பரிசோதனை முடிவுகளைக் கணக்கில் கொள்ளாமல் தயாரிக்கப்பட்டது இந்தப் பட்டியல் என்று ஆணையமே தன் குறிப்பில் எழுதுகிறது. அதாவது, மருத்துவத்தில் கழிந்தவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். விமானப்படையை மட்டுமே விரும்பியவர்கள், அதற்கான விமானித் திறன் சோதனையில் தேறாதவர்கள், வேறு படிப்பில் சேர்ந்துவிட்டவர்கள் என எல்லோரும் கலந்தே இருக்கிறார்கள். 380-ஆவது இடத்தில் இருப்பவனுக்குக் கேட்ட படை கிடைக்காமல் போகலாம். 450-ஆவது இடத்தில் இருப்பவனுக்கு மேலே உள்ளவர்கள் விலகியதால் இடம் கிடைக்கலாம். யார் விலகினார்கள், எத்தனை இடம் காலி, பட்டியல் எதுவரை இறங்கியிருக்கிறது என்பதைப் படைகளின் ஆள்சேர்ப்பு இயக்ககங்கள் அறியும். பிள்ளைக்குத் தெரியாது. கடிதம் வந்தால் இடம் உண்டு. வராவிட்டால்? வராது என்று சொல்லவும் ஒரு கடிதம் வேண்டாமா? பட்டியலில் பெயர் வந்தும் இடம் கிடைக்காதவர்களை இந்த வட்டாரத்தில் ‘மெரிட் அவுட்’ என்பார்கள். தான் மெரிட் அவுட் என்பதைத் தபால்காரர் வராததை வைத்து ஒருவன் தானே முடிவுகட்டிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் இந்தத் தேர்வு முறையின் வெட்கக்கேடு.

ஐயம் இருந்தால் கேட்டுத் தெளியலாமே என்று ஆணையம் சொல்லக்கூடும். முடிவுக் குறிப்பின் அடியில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். டெல்லி அலுவலகத்தின் ‘சி’ வாயிலருகே உள்ள உதவி மையத்தை வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை நேரிலோ தொலைபேசியிலோ அணுகலாமாம். தென்காசியில் இருக்கும் பிள்ளை ‘சி’ வாயிலுக்கு எப்படிப் போவான்?

இந்த மௌனத்துக்குக் குடும்பங்கள் காசாகவும் விலை கொடுக்கின்றன. பிளஸ் டூ முடித்தவனைப் பெற்றோர் சும்மா உட்கார வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. ஆகஸ்டுக்குள் ஏதோ ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2024–25 கல்வியாண்டுக்கு வகுத்த விதிப்படி, செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அக்டோபர் 31-க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. இறுதிப் பட்டியல் வந்தது அக்டோபர் 24. இடையே இருந்தது ஒரே வாரம். பட்டியலில் 420-ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளையின் தந்தை அந்த ஒரு வாரத்தில் என்ன முடிவெடுப்பார்? கல்லூரியை விட்டுவிட்டுக் கடிதமும் வராவிட்டால் ஓர் ஆண்டு பாழ். விடாமல் இருந்து கடிதம் வந்துவிட்டால் கட்டிய பணத்தை ஏறக்குறைய முழுதாகக் கேட்கும் உரிமை போய்விடும். கூலி வேலை செய்து பணம் கட்டிய வீட்டுக்கு அது சில்லறைக் காசல்ல. தேர்வாணையம், மானியக் குழு இரண்டுமே ஒன்றிய அரசின் அமைப்புகள். ஒன்றின் நாள்காட்டியை இன்னொன்று புரட்டிப் பார்ப்பதில்லை.

வயதுக் கணக்கு இன்னும் கொடியது. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயது வரைதான் இந்தக் கதவு திறந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு தேர்வு. 2024-இன் முதல் தேர்வுக்கு இறுதி முடிவு வந்தது அக்டோபரில். இரண்டாம் தேர்வோ செப்டம்பர் 1 அன்றே நடந்து முடிந்துவிட்டது. பரிந்துரை பெற்று, மருத்துவத்திலும் தேறி, இடம் உறுதியா என்று தெரியாத பிள்ளை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுபடி கணிதப் புத்தகத்தை எடுக்க வேண்டும். மனம் முழுவதும் கடக்வாஸ்லாவில் இருக்கும்போது கை எப்படித் திரிகோணமிதி போடும்? எழுதாமல் விட்டால் ஒரு வாய்ப்பு போயிற்று. எழுதினால் அரை மனதோடுதான். அந்த இரண்டாம் தேர்வின் கதையும் இதேதான். அதன் இறுதிப் பட்டியல் 2025 ஏப்ரலில் 792 பேருடன் வந்தது. இடங்கள் சுமார் 400.

ஆணையம் விட்டுவைத்த வெற்றிடத்தை வேறு ஆட்கள் நிரப்புகிறார்கள். ‘லிஸ்ட் இன்னைக்கு சாயங்காலம் கன்ஃபார்ம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போடுகிறான். நள்ளிரவு வரை நூறு பேர் இணையப் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் இன்னொரு தேதி வருகிறது. ‘எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்’ என்று யூடியூப்பில் கணக்குப் போட்டுக் காட்டும் பயிற்சி மையங்கள், அதே காணொளியின் முடிவில் அடுத்த பேட்சுக்குக் கட்டணம் சொல்கின்றன. எந்த ஆதாரமும் இல்லாமல் பிள்ளைகளின் பதற்றத்தை முதலாக்கிப் பிழைக்கும் இந்த வியாபாரமும் கண்டனத்துக்குரியது. அதிகாரபூர்வமான தேதி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கடைகளுக்கு வேலையே இருந்திருக்காது.

ஊரின் வாயும் சும்மா இருப்பதில்லை. உடுமலைப் பக்கத்து அமராவதிநகர் சைனிக் பள்ளிப் பிள்ளைக்காவது கூடவே காத்திருக்கும் நாலு நண்பர்கள் உண்டு. மதுரைக்கும் திருவண்ணாமலைக்கும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தனியாக முயன்று வந்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? ‘என்னப்பா, மிலிட்டரிக்குப் போறேன்னு சொன்னியே, இன்னும் போகலையா?’ என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ‘செலக்ட் ஆயிட்டேன்ணே, லிஸ்ட் வரணும்’ என்று அவன் எத்தனை முறை சொல்வான்? ஒரு கட்டத்தில் தெருவில் இறங்குவதையே நிறுத்திவிடுகிறான். பெண் பிள்ளை என்றால் இதைவிட மோசம். ‘இதெல்லாம் உனக்கெதற்கு’ என்று முதலிலேயே முணுமுணுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு சாட்சியாகிவிடுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் உண்டு. முதலாவது, ‘ராணுவத்துக்குப் போகிறவனுக்குப் பொறுமை வேண்டாமா?’ என்பது. வேண்டும்தான். பொறுமையைச் சோதிக்க ஐந்து நாள் தேர்வும் மூன்றாண்டுப் பயிற்சியும் இருக்கின்றன. அலுவலக மேசையில் தூங்கும் கோப்பு யாருடைய பொறுமையையும் சோதிக்கும் கருவியல்ல. படையில் காத்திரு என்று கட்டளையிடும் அதிகாரி எதுவரை என்பதையும் சொல்லுவார். சொல்லாத அதிகாரியை வீரர்கள் மதிப்பதில்லை.

இரண்டாவது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை முன்பே வெளியிட்டால் நேர்காணல் வாரியத்தின் பார்வையை அது பாதிக்கும் என்பது. நியாயமான வாதம். ஆனால், கடைசி வாரியம் கடைசி எண்ணை வாசித்து முடித்த அன்றே இந்த வாதம் காலாவதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகும் மூடி வைப்பது பழக்க தோஷம்.

மூன்றாவது, நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பது. எத்தனை இடம் என்பதை அறிவிக்கையிலேயே பகிரங்கமாக அச்சிடுகிறார்கள். தரவரிசையையும் பெயரோடு வெளியிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, பட்டியல் எத்தனையாவது பெயர் வரை இறங்கியது என்பதில் மட்டும் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

முடியாது என்பதையும் நாம் ஏற்க மாட்டோம். 2021 ஆகஸ்ட் 18 அன்று, பெண்களும் இந்தத் தேர்வை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஏற்பாடுகளுக்கு 2022 மே மாதம் வரை நேரம் வேண்டும் என்றது ஒன்றிய அரசு. நீதிமன்றம் மறுத்துவிட்டது. என்ன ஆயிற்று? அதே ஆண்டு நவம்பர் 14 அன்று பெண்கள் தேர்வு எழுதினார்கள். அப்படி நுழைந்தவர்களில் 17 பேர் 2025 மே மாதம் அகாடமியிலிருந்து பட்டம் பெற்று அணிவகுத்து வெளியே வந்தார்கள். பல பத்தாண்டுகள் மூடியிருந்த கதவை மூன்று மாதத்தில் திறக்க முடிந்த நிர்வாகத்துக்கு, ஒரு தேதியை அச்சிட முடியாதா?

வேறு எங்கும் தேட வேண்டாம். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தரவரிசை, சுற்று வாரியான தேதி, மிச்சமுள்ள இடங்கள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஐஐடி, என்ஐடி இடங்களை நிரப்பும் ஜோசா கலந்தாய்வு, ஒவ்வொரு சுற்றிலும் எந்தத் தரவரிசையில் தொடங்கி எதில் முடிந்தது என்பதைத் துறைவாரியாகப் போட்டுவிடுகிறது. லட்சம் பேருக்குச் செய்ய முடிவதை அறுநூறு பேருக்குச் செய்ய முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் மனமின்மைதான்.

எனவே நாம் கேட்பது இவைதான். அறிவிக்கையிலேயே இறுதிப் பட்டியலின் தேதியையும் சேர்க்கைக் கடிதங்களின் கடைசித் தேதியையும் அச்சிட வேண்டும். தள்ளிப்போனால் காரணத்தோடு புதுத் தேதியை அறிவிக்க வேண்டும். கடைசி எஸ்எஸ்பி முடிந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அவரவர் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். பட்டியல் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு படையிலும், ஆண் பெண் எனத் தனித்தனியே, எந்தத் தரவரிசை வரை அழைப்பு போயிருக்கிறது என்பதை வாரந்தோறும் இணையத்தில் வெளியிட வேண்டும். இடம் இல்லை என்றானவருக்கு, இல்லை என்ற கடிதம் எழுத்தில் போக வேண்டும். படையின் அழைப்பைக் காட்டும் மாணவருக்கு எந்தத் தேதியானாலும் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரும்படி கல்லூரிகளுக்கு மானியக் குழு உத்தரவிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. ஓர் உத்தரவும் அதைச் செயல்படுத்தும் ஓர் அதிகாரியும் போதும்.

தவறு திருத்தப்படும் வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். கடிதத்தை நம்பிக் கல்லூரியை விடாதீர்கள். கல்லூரிக்குப் போவது கனவுக்குச் செய்யும் துரோகமல்ல. அங்கிருந்தே பட்டப்படிப்பு முடித்து சிடிஎஸ் எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதி, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ டேராடூன் ராணுவ அகாடமிக்கோ போக வழி இருக்கிறது. ஆணையத்தின் இணையதளம் ஒன்றைத் தவிர வேறு எவர் சொல்லும் தேதியையும் நம்பாதீர்கள்; அதையும் மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். காலை ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். பெற்றோர்களே, ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று தினமும் கேட்காதீர்கள். வந்தால் முதலில் உங்களிடம்தான் ஓடி வருவான். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், யாரிடமும் பேசாமல் ஒரு பிள்ளை ஒடுங்கினால், அதை ‘டென்ஷன், சரியாயிடும்’ என்று தள்ளிவிடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

ஆனால் இந்த அறிவுரைகளைக் காட்டி ஆணையமும் அமைச்சகமும் தப்பித்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளுக்கு மன உறுதியைப் போதிப்பது அரசு செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாகாது. நாட்டுக்காக உயிரையும் தருகிறேன் என்று முன்வரும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குத் திருப்பித் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அவன் கேட்ட கேள்விக்கு ஒரு நேரான பதில். அடுத்த தேர்வுக்கான அறிவிக்கை வெளியாகும்போது, தேர்வுத் தேதிக்குப் பக்கத்திலேயே முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாடாளுமன்ற நிலைக்குழு ஆணையத்தையும் அமைச்சகத்தையும் அழைத்து விளக்கம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அதை முதல் ஆளாக எழுப்ப வேண்டும்.